இறந்த கதையும் இருள் இசையும்



சீனத்தின் ஷாண்டோங் மாநிலத்தில் ஜீனான் என்றொரு நகரம் உண்டு. ஊற்றுகளுக்குப் பெயர்போன ஊர். அங்கே 1990களின் இறுதியில் தோன்றிய ஓர் இசைக்குழுவினர் மேடையேறும்போது தலையில் அகன்ற பின்னல் தொப்பியும், தோளில் புல்லால் முடைந்த மழையங்கியும் அணிந்து நிற்கின்றனர். பழஞ்சீன ஓவியங்களில் தனிப்படகில் தூண்டிலிட்டு அமர்ந்திருக்கும் கிழவனின் உடை அது. நெல்லைச் சீமையில் நடவு வயலில் மழைக்குக் கவிழ்த்துக்கொள்ளும் சாக்குக் கொங்காணியை நினைவூட்டுவது. தொப்பியின் நிழலில் முகம் தெரிவதில்லை. குழுவின் பெயர் சூரியாக்கே. சீன எழுத்தில் எழுதும் பெயருக்குப் ‘பிணம் புதைத்த ஏரி’ என்று பொருள்.

இவர்கள் இசைப்பது ‘பிளாக் மெட்டல்’ எனும் வகை. கரகரப்பேற்றிய கிதார் ஒரே சுரக்கோவையை மழைபோல் இடைவிடாது பொழிந்துகொண்டிருக்கும். அதன் அடியில் டிரம்ஸ் மூச்சுவிடாமல் உருண்டோடும். மேலே, சொல்லைப் பிரித்தறிய இயலாத அலறல். இப்பெயர் 1982இல் வெனம் என்ற ஆங்கிலேயக் குழு வெளியிட்ட இசைத்தட்டின் தலைப்பிலிருந்து வந்தது. இவ்வகைக்கு இன்றுள்ள வடிவமும் அவப்பெயரும் 1990களின் தொடக்கத்தில் நார்வே இளைஞர்களால் கிடைத்தவை. அவர்களுள் சிலர் மரத்தாலான பழந்தேவாலயங்களுக்குத் தீ வைத்தனர். 1993இல் ஓர் இசைஞர் மற்றோர் இசைஞரைக் கொன்றார். இச்செய்திகளே இவ்விசையைப் பற்றி உலகம் முதலில் அறிந்தவை. இன்றும் பலர் அறிந்தவை இவை மட்டுமே.

இத்தகைய இசையைப் பற்றித் தாமிரபரணிக் கரையின் ஓர் இலக்கிய வட்டத்தில் பேசுவானேன் என்ற ஐயம் எழக்கூடும். வந்த இசை அயலானது. ஆனால் அது போய்ச் சேர்ந்த நாடுகளில் ஒவ்வோரிடத்தும் ஒரே கேள்வியை எழுப்பியிருக்கிறது. சாவையும் இருளையும் பாட வந்தவன் எவருடைய சாவை, எந்த மண்ணின் இருளைப் பாடுவது? இரவல் சாத்தானைப் பாடிச் சலித்தவர்கள் தத்தம் மரபின் பக்கம் திரும்பினர். சுவீடனில் பாத்தரி என்ற குழு 1988, 1990 ஆண்டுகளின் இசைத்தட்டுகளிலேயே வைக்கிங் முன்னோர்களை நோக்கித் திரும்பிவிட்டது. கிழக்கில் அத்திருப்பம் எப்படி நிகழ்ந்தது என்பதில்தான் நெல்லைக் கவிஞர்கள் கவனிக்க வேண்டியது இருக்கிறது. மரபிலிருந்து எடுப்பது என்பது ஒரே செயலன்று.

சூரியாக்கே எடுத்துக்கொண்டது நிலக்காட்சியை. 2007இல் வந்த முதல் முழு இசைத்தட்டு இலையுதிர்காலத்தின் எஞ்சிய நிழலைப் பற்றியது. 2015இல் வந்த அடுத்ததன் தலைப்பு ‘தனித்த காட்டுவாத்து’. இதே தலைப்பில் தாங் காலக் கவிஞர் தூ ஃபூவுக்கு ஒரு கவிதை உண்டு. மலை, மூடுபனி, ஏரி, கூட்டம் பிரிந்த பறவை என இவை யாவும் சீன மரபுக்கவிதையின் கருப்பொருள்கள். தொல்காப்பியம் பயின்ற அவைக்கு இதனை விளக்கத் தேவையில்லை. முதலும் கருவும் அமைந்துவிட்டால் உரிப்பொருள் தானே வந்து அமரும். மனிதரின் பெயர்கள் இவ்விசையில் குறைவு; இறந்தவர் யாரென்று எவரும் கேட்பதில்லை. அழகான இசை, ஆயினும் அழகோடு நின்றுவிடுகிறது.

தைவான் தீவின் தோனிக் என்ற குழுவோ வேறு வழியில் சென்றது. 1995இல் தொடங்கிய இக்குழுவின் பாடகர் ஃபிரெடி லிம் பின்னர் 2016இல் அந்நாட்டுச் சட்டமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். இவர்கள் எர்ஹூ எனும் இருதந்தி இசைக்கருவியை மின்கிதாரோடு சேர்த்து இழைத்தனர். ஐரோப்பியக் குழுக்கள் முகத்தில் பூசும் பிணக்கோலத்தை விட்டு, தைவானியக் கோயில் விழாக்களில் ‘எட்டுத் தளபதிகள்’ என்ற பேய்விரட்டும் காவலர் வேடத்தினர் தீட்டிக்கொள்ளும் முகக்கோலத்தை எடுத்தாண்டனர். 2005இல் இவர்கள் வெளியிட்ட ‘சீடிக் பாலே’ என்னும் இசைத்தட்டு, ஜப்பானிய ஆட்சிக்கு எதிராக 1930இல் வூஷே மலைப்பகுதியின் சீடிக் பழங்குடியினர் மோனா ருடாவின் தலைமையில் எழுந்து மடிந்த வரலாற்றைப் பாடுவது. கொல்லப்பட்டவருக்கு இங்கே பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, கொன்றவன் யாரென்பதும் இருக்கிறது.

மூன்றாவது குழு தமிழருக்கு நெருக்கமானது. 1992இல் சிங்கப்பூரில் தோன்றிய ருத்ரா. இந்திய வம்சாவளியினரால் தொடங்கப்பட்டது. பாடுபவரும் அடித்தந்திக் கிதார் இசைப்பவருமான கதிரேசன் வேதாந்தம் பயின்றவர். முதல் இசைத்தட்டு 1998இல் வந்தது; ‘குருக்ஷேத்ரா’ 2003இல்; ‘பிரம்மவித்யா’ வரிசையின் முதல் தட்டு 2005இல். வடமொழிச் சுலோகங்களும் உபநிடதக் கருத்துகளும் இப்பாடல்களின் உள்ளீடு. தம் இசையை ‘வேதிக் மெட்டல்’ என்று அவர்களே அழைத்தனர். சிங்கப்பூர் இசை ஆய்வாளர் யூஜின் டைரியநாதன் 2009இல் இதனை அந்நாட்டுத் தென்னிந்தியச் சமூகத்தின் அடையாளச் சிக்கலோடு பொருத்தி ஆராய்ந்து கட்டுரை எழுதினார்.

ருத்ரன் சுடுகாட்டில் ஆடுபவன். சுடலைமாடனுக்குத் தந்தை முறை. அப்பெயரைத் தாங்கிய குழு, சுடலையின் பக்கம் வராமல் உபநிடதத்தின் பக்கம் சென்றது ஏன்? குறை கூறுவதற்காக இக்கேள்வி எழவில்லை. அக்குழுவின் உழைப்பும் பயிற்சியும் மதிக்கத்தக்கவை. ஒரு கலைஞன் எங்கே தன் ஊற்றைத் தோண்டுவது என்பது அவன் உரிமை. ஆயினும் இதில் ஒரு காரணம் புலப்படுகிறது. நூல் எங்கும் செல்லும். தெய்வமும் செல்லும், பிடிமண் எடுத்துச்சென்று புதிய ஊரில் நிலையம் போடுவது இங்குள்ள வழக்கமே. முனீஸ்வரன் கடல்கடந்து சிங்கப்பூரில் கோயில் கொண்டிருக்கிறார். ஆனால் அத்தெய்வத்தின் கதையை விடியவிடியப் பாடும் குடியைப் பிடிமண்போல் முடிந்து கொண்டுசெல்வது அரிது. பாடுபவனும் அழைக்கும் ஊரும் ஆடும் உடலும் ஒரே இடத்தில் கூடினால்தான் கொடை. கூடாத இடத்தில் எஞ்சுவது நூல்.

அந்தக் கொடையைச் சற்று நின்று பார்க்கலாம்.

பொருநையாற்றங்கரை, சாவைப் பற்றி நீண்ட நினைவுடையது. ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜாகோரும், பின்னர் அலெக்சாண்டர் ரீயும் அகழ்ந்தெடுத்த முதுமக்கள் தாழிகளை அறியாதவர் இங்கில்லை. இலக்கியத்திலும் பஞ்சமில்லை: காரைக்காலம்மையார் தம்மைப் பேயென்றே சொல்லிக்கொண்டு சுடுகாட்டிலிருந்து பாடியவர், செயங்கொண்டாரின் பரணியில் பேய்கள் போர்க்களத்தில் கூழடுகின்றன. நார்வே இளைஞர்கள் பரணியைக் கண்டிருந்தால் சற்றுப் பொறாமை கொண்டிருப்பர். ஆனால் ஏட்டில் உள்ளதைவிட, சீவலப்பேரியில் சிற்றாறு வந்து கலக்கும் கரையிலும், இன்னும் எத்தனையோ ஊர்களின் வெட்டவெளிப் பீடங்களிலும் கொடைதோறும் நிகழ்வதே இங்கு முதன்மையானது.

சுடலைமாடன் கதை நெல்லையார் அறிந்ததே. பார்வதி பிள்ளை வரம் கேட்க, விளக்கின் சுடரிலிருந்து பிறந்த குழந்தை. நள்ளிரவில் தொட்டிலை விட்டிறங்கிச் சுடுகாட்டுப் பிணத்தைத் தின்றுவிட்டுத் திரும்பியதால் கயிலையில் இருக்க இடமின்றிப் பூமிக்கு அனுப்பப்பட்டவன். மலையாள மாந்திரீகன் காளிப்புலையனையும் அவன் மகள் மாவிசக்கியையும் எதிர்கொண்டவன். இக்கதையை வில்லும் குடமும் உடுக்கையும் தாளமும் கட்டையும் கொண்டு பந்தலில் அமர்ந்து பாடுவது வில்லுப்பாட்டு. தெய்வத்தின் முன் நின்று, மகுடம் அடித்துப் பாடி ஆடுவது கணியான் கூத்து. கணியான் கூத்து இல்லாமல் கொடை நிறைவுறாது என்று கருதும் சுடலை கோயில்கள் இன்றும் உள்ளன.

மகுடம் என்பது மரவளையத்தில் தோல் போர்த்திய பறை. இரண்டு இருக்கும், ஒன்றன் ஒலி உச்சம், மற்றதன் ஒலி மந்தம். தோலை நெருப்பில் காய்ச்சி முறுக்கேற்றிய பின்னரே கையிலெடுப்பர். அண்ணாவி காதில் கைவைத்துக் கதையை எடுத்துக்கொடுக்க, பின்பாட்டுக்காரர் வாங்கிப் பாட, பெண்வேடமிட்ட இருவர் சலங்கை ஒலிக்க ஆடுவர். மகுடக்காரர் இருவரும் பாடுபவரின் செவியருகே நெருங்கி வந்து அடிக்கும்போது, பாடுகிற குரல் தாளத்தை மீறியெழ முயன்று மேலேறிக்கொண்டே செல்லும். இது பிளாக் மெட்டல் கேட்பவருக்கு அயலான அனுபவமன்று. வேகம், மீளமீள வரும் ஒரே அடி, சொல் கரைந்து ஒலியாகும் உச்சநிலை என அவர்கள் மின்சாரத்தைக்கொண்டு தேடுவதை, இங்கு காய்ச்சிய தோல் செய்கிறது.

உச்சநிலையில் நிகழ்வது கைவெட்டு. கணியான் தன் கையையோ நாவையோ கீறிச் சில துளிக் குருதியைத் தெய்வத்துக்குக் கொடுக்கிறார். அதற்கெனக் காப்புக் கட்டி, விரதம் இருந்து, ஊரார் பார்த்திருக்கச் செய்கிறார்.

இவ்விடத்தில் இன்னொரு குருதியையும் நினைக்க வேண்டியிருக்கிறது. நார்வேயின் மேஹெம் குழுவில் பாடிய பேர் இங்வே ஓலின் என்னும் சுவீடன் இளைஞர், தமக்கு வைத்துக்கொண்ட மேடைப்பெயரே ‘இறந்தவன்’ என்பது. பிணத்தின் வாடை வர வேண்டுமென்று மேடையுடையை மண்ணில் புதைத்து வைத்து எடுத்து அணிவார். பாடும்போது மேடையிலேயே உடலைக் கீறிக்கொள்வார். 1991இல் தமது 22ஆம் வயதில் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். அந்தக் குருதியைப் பெற்றுக்கொள்ள எதிரே யாரும் இல்லை. கூட்டம் பார்த்தது, கலைந்தது. கணியானின் குருதிக்கோ பெறுபவர் உண்டு, அளவு உண்டு, நிறுத்தும் நேரம் உண்டு. காயத்துக்குத் திருநீறு உண்டு. கொடை முடிந்ததும் அவர் வீட்டுக்குச் செல்கிறார். சடங்கின் பயன் இதுவே. இருளுக்குள் ஒருவனை அனுப்பவும் அது அறியும், திரும்ப அழைத்துக்கொள்ளவும் அறியும்.

இதைக் கூறும்போது கணியான் சமூகத்தின் நிலையை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. தெய்வத்தின் முன் குருதி கொடுக்கும் இரவில் அவருக்குக் கிடைக்கும் மதிப்பு, மறுநாள் பேருந்து நிலையத்தில் கிடைப்பதில்லை. பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போவதில் வியப்பும் இல்லை, குறையும் இல்லை. கலை அழிகிறதே என்று வருந்தும் படித்தவர்கள், அக்கலையைச் சுமக்கும் கடமையை மட்டும் பிறர் தோளில் வைக்க விரும்புகின்றனர். நகர மேடைகளில் கால்மணி நேரம் ஒதுக்கி மகுடம் அடிக்கச் சொல்லும் விழாக்கள் பெருகியுள்ளன. சம்பளம் கிடைக்கிறது; நல்லதுதான். ஆனால் கால்மணி நேரத்தில் சுடலை பிறக்கக்கூட நேரம் போதாது.

வில்லுப்பாட்டை ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் வெளியிட்ட நூலில், இக்கதைகளைப் பிறப்பைப் பாடுவன, இறப்பைப் பாடுவன என இரண்டாகப் பகுத்துக் காட்டினார். கயிலையில் பிறந்து வந்த தெய்வம் ஒருவகை. இம்மண்ணில் வெட்டுப்பட்டும் குத்துப்பட்டும் இறந்து தெய்வமானவர் மறுவகை. இரண்டாம் வகையே இறந்த கதை. இக்கதைகளில் வெட்டு விழும் இடத்தைப் பாடும்போதுதான் ஆட்டம் உச்சம் பெறுகிறது. கொல்லப்பட்டவர் ஊருக்கு நடுவே, ஒருவர் உடலில் ஏறித் திரும்பி வருகிறார், கேள்வி கேட்கிறார், ஊர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்வோம். அந்தணனான பட்டன், சக்கிலியர் குலத்துப் பொம்மக்கா, திம்மக்கா என்னும் சகோதரியரை மணக்க வேண்டி, அவர்கள் தந்தை வாலப்பகடை இட்ட கட்டளைப்படி குடுமியையும் பூணூலையும் களைந்து, செருப்புத் தைத்துக் காட்டுகிறான். மணநாளிலேயே மாடுபிடிக்க வந்த கள்வரோடு பொருது, வஞ்சகமாகக் குத்தப்பட்டு இறக்கிறான். பெண்கள் இருவரும் தீப்பாய்கின்றனர். பேராசிரியர் நா. வானமாமலை இக்கதையை 1971இல் மதுரைப் பல்கலைக்கழக வெளியீடாகப் பதிப்பித்தபோது ஒன்றைச் சுட்டிக்காட்டினார். அப்பெண்கள் உண்மையில் அந்தணர் வீட்டில் பிறந்து காட்டில் விடப்பட்டவர்கள் என்னும் பகுதி பின்னர் ஒட்டப்பட்டது என்பதே அது. கதையின் முள்ளை யாரோ பிடுங்கிவிட்டிருக்கிறார்கள். சாதி கடந்த மணத்தைப் பாடலாம். ஆனால் உண்மையில் கடக்கவில்லை என்று இறுதியில் சொல்லிவிட வேண்டும். மரபு என்று கையில் கிடைப்பதில் எது ஊற்று, எது அடைப்பு என்று பார்க்கத் தெரிய வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இப்பள்ளத்தாக்கில் இல்லை.

ஆனால் காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனாக நிற்பவனுக்கு மக்கள் இன்றும் காணிக்கையாகக் கொண்டுவருவது தோல்செருப்பு. ஒட்டப்பட்ட பகுதியைச் செருப்பு ஏற்றுக்கொள்ளவில்லை.

தோனிக் குழுவின் சீடிக் பாடல்கள் நெல்லையின் இறந்த கதைக்கு உறவு என்பது இப்போது விளங்கும். வேடத்தையோ இசைக்கருவியையோ ஒப்பிட்டு இதைச் சொல்லவில்லை. கொல்லப்பட்டவருக்குப் பெயர் சொல்லி, அவரையே பேசவைக்கும் முறையில் உறவு. இம்முறை திரைப்படத்திலும் வந்துவிட்டது. மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018) ஒரு நாட்டார் தெய்வத்தின் பெயரைத் தலைப்பாகக் கொண்டது. தண்டவாளத்தில் கட்டிவைத்துக் கொல்லப்பட்ட நாய் கருப்பி, படம் நெடுகத் திரும்பத் திரும்ப வருகிறாள். ‘கர்ணன்’ (2021) படத்தில் சாலையில் பேருந்து நில்லாததால் இறந்த சிறுமி, தெய்வமுகம் தரித்துக் காட்டுப்பேச்சியாக வருகிறாள். இவ்விரண்டும் இறந்த கதைகள். கேமராவும் ஒலிப்பெட்டியும் வந்த பின்னும் அந்த வடிவம் தன் வேலையைச் செய்கிறது.

கவிதையின் நிலை என்ன? கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் சுடலையும் இசக்கியும் பேச்சியும் தமிழ்ப் புதுக்கவிதைக்குள் நிறையவே வந்திருக்கின்றனர். பெரும்பாலும் படிமமாக வந்திருக்கின்றனர். அருவாளும் பந்தமும் சாராயமும் சுருட்டும் ஒரு வரியில் மின்னி மறைகின்றன. கவிஞனின் சினத்துக்கோ தனிமைக்கோ ஒரு சல்லடம் மாட்டப்படுகிறது. இது சூரியாக்கே அணியும் புல்லங்கியைப் போன்றது. அங்கியில் பிழையில்லை, நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் இறந்த கதையிடம் கவிஞன் பெறத்தக்கவை வேறு இரண்டு உண்டு. ஒன்று, அது ஊரையும் ஆற்றையும் பாதையையும் பெயர் பெயராகச் சொல்லும். இன்ன துறையில், இன்ன மரத்தடியில் என்று சொல்லாமல் வெட்டு விழாது. மற்றொன்று, அது யாரையும் பற்றிப் பாடுவதில்லை. முன்னிற்பவரை அழைத்துப் பாடுகிறது. அழைத்தால் அவர் வந்துவிடக்கூடும் என்ற அச்சம் அண்ணாவியின் ஒவ்வொரு சொல்லிலும் இருக்கிறது. வரமாட்டார் என்று தெரிந்தே அழைக்கும் கவிதைக்கு அந்த நடுக்கம் எங்கிருந்து வரும்?

பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையமும், அதற்கு முன்னரே வானமாமலையின் நெல்லை ஆய்வுக் குழுவும் செய்து வைத்த வேலை கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. பத்தாண்டு நிறைவு செய்யும் இவ்வட்டத்தின் கவிஞர்கள், அடுத்த கொடைக்காலத்தில் ஓர் இரவேனும் தொடக்கம் முதல் முடிவு வரை ஓரிடத்தில் அமர்ந்து கேட்கலாம். குறிப்பேடு தேவையில்லை. குடியழைப்பில் தொடங்கி, சாமக் கொடையின்போது கோமரத்தாடி சல்லடமும் குல்லாயுமாகப் பந்தம் ஏந்தி மயான வேட்டைக்குப் புறப்படும்வரை இருக்க வேண்டும். அவர் சுடுகாட்டுக்குச் செல்லும் வழியில் ஒருவரும் பின்தொடர்வதில்லை. வீட்டுக் கதவுகள் அடைபட்டிருக்கும். அவர் திரும்பிவரும் வரை அண்ணாவிக்கு ஓய்வு. அந்நேரத்தில் பனியில் தளர்ந்த மகுடத்தைச் சிறு நெருப்பின் முன் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருப்பார்கள்; விரலால் தட்டிப் பார்ப்பார்கள்; போதாதென்று மீண்டும் காட்டுவார்கள்.